அக்காவின் 412 நிமிடங்கள்: நடந்து நிதி திரட்டும் ஒரு சவாலில் சேர்ந்த அனுபவம்

செப்டம்பர் 1-ஆம் தேதி, காலை 6 மணி 10 நிமிடம். அவதானப்பட்டி ஏரிக்கரையில் அக்கா தன் முதல் நடையை முடித்துவிட்டு ஒரு திண்டில் உட்கார்ந்தாள். மொத்தம் 6 நிமிடம். நான் போனை எடுத்து, சவாலுக்கான செயலியில் அவள் பெயரில் 6 என்று பதிந்தேன். "சவால் இன்னும் தொடங்கவில்லை" என்று சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் வந்தது. அழித்துவிட்டு மறுபடியும் பதிந்தேன், அதே பதில். கூட நடந்த மற்ற ஏழு பேரின் கணக்கும் ஏறவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, நான் நடந்தது பத்தலையா?" என்று கேட்டாள்.

அவள் அப்படிக் கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. இந்தச் சவாலில் சேரலாமா என்று பள்ளியிலும் தெருவிலும் பல பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட, நல்லது கெட்டது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். மூளை ரத்தக்குழாயில் வரும் வீக்கத்தை அனியூரிசம் என்கிறார்கள். அதைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட அமெரிக்காவில் ஒரு அறக்கட்டளை ஒரு மாதச் சவால் நடத்துகிறது. செப்டம்பர் அங்கே இந்த நோய்க்கான விழிப்புணர்வு மாதம். சேர்பவர்கள் தினமும் 30 நிமிடம், மாதம் 900 நிமிடம் உடலை அசைக்க வேண்டும். நடக்கலாம், ஓடலாம், நீந்தலாம், ஆடலாம். அதைச் சொல்லித் தெரிந்தவர்களிடம் நன்கொடை கேட்க வேண்டும். இதே மாதிரியான சவால்களைப் பல அமைப்புகள் நடத்துகின்றன. நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் அமைப்பின் பெயரை எழுதவில்லை.

நான் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அக்காவுக்கு 54 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அடுப்படியில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவள், "அம்மிக்கல்லைத் தூக்கித் தலையில போட்ட மாதிரி இருக்குதுடி" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாந்தி எடுத்தாள். கழுத்தைக் குனிய முடியவில்லை. மாமா பக்கத்தில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனார். ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடியும் வந்தது. இந்தத் தடவை நினைவு போய்விட்டது. ஒரு முறை கசிந்த வீக்கம் மறுபடியும் உடையும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. முதல் 6 மணி நேரத்துக்குள் சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால் அநேகமாகத் தப்பாமல் காட்டியிருக்கும் என்பதும் தெரியாது.

அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெங்களூரு. கிருஷ்ணகிரியில் இருப்பதில் எங்களுக்கு இருந்த அதிர்ஷ்டம் அந்த 90 கிலோமீட்டர்தான். மூளையின் முன்பக்கம் இரண்டு ரத்தக்குழாய்களை இணைக்கும் சின்னக் குழாயில் 6 மில்லிமீட்டர் வீக்கம். ஒரு துவரம்பருப்பு அளவு. தொடையிலிருந்து கம்பி விட்டு, பிளாட்டினச் சுருள்களை அதற்குள் அடைத்தார்கள். சுருள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. மாமா மாந்தோப்பில் ஒரு பகுதியை விற்றார். அப்புறம் 21 நாள், 4 மணி நேரத்துக்கு ஒரு முறை நிமோடிபின் என்ற, ரத்தக்கசிவுக்குப் பிறகு மூளையைக் காக்கும் மாத்திரை. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார்கள். 126 வேளை. ராத்திரி 2 மணி அலாரம் என்னுடையது. இன்றைக்கும் சில நாள் அந்த நேரத்துக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

அக்கா பிழைத்தாள். ஆனால் அந்த இடத்தில் ரத்தம் கசிந்தால் நினைவாற்றலில் அடி விழும் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார், விழுந்தது. இன்று என்ன கிழமை, காலையில் சாப்பிட்டாளா என்பதெல்லாம் நழுவிவிடும். எங்கள் சின்ன வயதுக் கதை ஒன்றுகூட மறக்கவில்லை. இடது கால் கொஞ்சம் இழுக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை அசதி. பத்து நிமிடம் யாரோடாவது பேசினாலே கண் சொருகிவிடும். சொந்தக்காரர்கள் "நல்லாத்தானே இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த அசதி வெளியே தெரியாது.

டல்லாஸில் வேலை பார்க்கும் அக்கா பையன்தான் இந்தச் சவாலின் இணைப்பை அனுப்பினான். "சித்தி, அம்மாவால முடியுமான்னு தெரியல. நீங்க கூட இருந்தா நடப்பாங்க" என்றான்.

சரி, பதிவு செய்வதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு ஆளுக்கு 25 டாலர். ஒரு குழுவாகச் சேர்ந்தால் குழுத் தலைவர் மட்டும் கட்டினால் போதும், மற்றவர்கள் நிமிடங்களை மட்டும் சேர்க்கலாம். இது நல்ல ஏற்பாடு. இல்லாவிட்டால் எங்கள் ஊரில் ஒன்பது பேரைச் சேர்த்திருக்க முடியாது. ஆனால் யு.பி.ஐ. கிடையாது, கார்டு மட்டும்தான். என் டெபிட் கார்டு மூன்று முறை நிராகரிக்கப்பட்டது. ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி, வெளிநாட்டுப் பரிவர்த்தனை நாமாகப் போய்த் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். வங்கிச் செயலிக்குள் போய் அதைத் திறந்து, பணம் கட்டி, உடனே மூடிவிட்டேன். நீங்களும் மூடிவிடுங்கள், மறக்க வேண்டாம். வங்கிக் கட்டணமும் சேர்த்து ரூ.2,200-க்கு மேல் ஆனது. வெளிநாட்டு அறக்கட்டளை என்பதால் இந்தப் பணத்துக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. பள்ளியில் இரண்டு பேர் அதை எதிர்பார்த்து ஆர்வமாக வந்தார்கள், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இங்கே யாரிடமும் பணம் வசூலிப்பதில்லை என்று நானும் மாமாவும் முடிவு செய்தோம். கிருஷ்ணகிரியில் ஒரு ஆயா சம்பளத்திலிருந்து 200 ரூபாய் வாங்கி டாலராக மாற்றி அனுப்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதிலாக அக்கா பையன் தன் அலுவலகத்தில் 11 பேரிடம் பேசினான். எங்கள் குழு நடக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆளுக்கு 2 சென்ட் என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் அங்கேயே அவர்கள் கார்டில் கட்டினார்கள். எங்கள் பங்கு கால்கள் மட்டும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இப்படிச் செய்யலாம், இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சவாலில் எனக்கு மிகவும் பிடித்தது, அடிகளை எண்ணாமல் நிமிடங்களை எண்ணியது. யார் இதை யோசித்தார்களோ அவர்களுக்கு என் வணக்கம். ஒரு நாளைக்கு பத்தாயிரம் அடி என்று வைத்திருந்தால் அக்கா முதல் நாளே சவாலிலிருந்து விலகியிருப்பாள். காலை இழுத்து இழுத்து வைக்கும் அடியும் உடற்பயிற்சி ஆசிரியர் வைக்கும் அடியும் ஒன்றல்ல. ஆனால் அவளுடைய 6 நிமிடமும் அவருடைய 6 நிமிடமும் ஒன்றுதான், கடிகாரத்துக்கு இரண்டும் சமம். இலக்கையும் நாமே மாற்றிக்கொள்ளலாம். தானாக வந்த 900-ஐ அழித்துவிட்டு அக்காவுக்கு 300 என்று போட்டேன். எதற்கு, ஏன் என்று செயலி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எதையெல்லாம் அசைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்பதிலும் தாராளம். தோட்ட வேலை, யோகா, நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி, பிசியோதெரபி எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. கோலம் இல்லை. அக்காவுக்குக் கோலம்தான் உயிர். கை நன்றாக இருந்தாலும் குனிந்து நிமிர்வதற்குப் பயந்து மூன்று வருடமாகப் போடாமல் இருந்தாள். செப்டம்பர் 12-ஆம் தேதி மாமா ஒரு முக்காலியை வாசலில் போட்டு அவளை உட்கார வைத்தார். ஐந்து புள்ளி, நேர் புள்ளிக் கோலம். இழை எங்கே திரும்ப வேண்டும் என்பதில் கை தடுமாறவே இல்லை. முந்தின நாள் நான் வந்து போனதே நினைவில்லாதவளுக்குக் கோலத்தின் இழை நினைவிருந்தது. "மற்றவை" என்ற தலைப்பில் 14 நிமிடம் என்று பதிந்தேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் கோலம் என்று தமிழிலேயே எழுதினேன், செயலி ஏற்றுக்கொண்டது.

ஆனால் இதே செயலி ஒரு காரியத்தில் அக்காவை நோகடித்துவிட்டது. முகப்பில் ஒரு தரவரிசைப் பலகை வரும். உலகம் முழுக்க யார் எத்தனை நிமிடம் என்று பெயரோடு ஓடிக்கொண்டே இருக்கும். முதலிடத்தில் இருந்தவர் ஒரு வாரத்திலேயே 1,500 நிமிடத்தைத் தாண்டிவிட்டார். அக்கா கீழே கீழே போய்த் தன் பெயரைத் தேடுவாள். அதைத் தேடுவதிலேயே களைத்துவிடுவாள். செயலியின் செட்டிங்ஸ் பக்கத்தில் அந்தப் பலகையை மறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்று ஒன்பதாம் நாள்தான் கண்டுபிடித்தேன். நோயிலிருந்து மீண்டவர் என்று பதிவிலேயே குறிப்பிடுபவர்களுக்காவது அது முதலிலேயே மறைந்திருக்க வேண்டும்.

வாரம் ஒரு காணொளியும் அனுப்பினார்கள். மூளையில் ரத்தக்கசிவு வந்து மீண்டு, மாரத்தான் 42 கிலோமீட்டர் ஓடியவர், மலை ஏறியவர் என்று. அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, மனதார மதிக்கிறேன். ஆனால் நாலு வாரமும் அதே மாதிரி ஆட்கள்தான். மத்தியானம் 3 மணிக்குப் படுத்தால்தான் சாயங்காலம் ஒரு தம்ளர் காபி போட முடிகிற ஒருவரை ஒரு வாரமாவது காட்டியிருக்கலாம். இரண்டாவது காணொளியைப் பார்த்துவிட்டு அக்கா, "நான் சோம்பேறி ஆயிட்டேனா பாப்பா?" என்றாள். அதற்கப்புறம் வந்தவற்றை அவளிடம் காட்டவில்லை. அமைப்புக்கு இதை நான் எழுதியிருக்கிறேன்.

மின்னஞ்சல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி வாரத்தில் பணம் கேட்கச் சொல்லி 11 கடிதம் வந்தது. "இன்னும் பத்து நண்பர்களிடம் கேளுங்கள்" என்ற அந்த அவசரம் நம் ஊருக்கு ஒத்துவராது. இங்கே ஒருவரிடம் பணம் கேட்டால் அது ஒரு உறவுக் கணக்கு, நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டும். ஆனால் முதல் மூன்று வாரக் கடிதங்கள் தங்கம். தினமும் நாலு வரி, நோயைப் பற்றி ஒரு விஷயம். அவற்றில் நான்கை நான் தமிழில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். ஒன்றை இங்கேயும் தருகிறேன், என் தமிழில்:

"இதுவரை வாழ்நாளில் வராத தலைவலி. மெதுவாக ஏறாது. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும், இடி விழுந்த மாதிரி. கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, ஒரு கண் இமை தொங்குதல், பார்வை இரண்டாகத் தெரிதல், மயக்கம் இவற்றில் ஏதாவது இருக்கலாம். மாத்திரை போட்டுக் காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். 'இந்த மாதிரி எனக்கு வந்ததே இல்லை' என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்."

அந்தக் கடைசி வாக்கியம் கடிதத்தில் இல்லை, நான் சேர்த்தது. அன்று கிளினிக்கில் நாங்கள் "தலைவலி" என்று மட்டும்தான் சொன்னோம்.

எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள், கன்னடமும் உருதும் உண்டு. எதிர்வீட்டு அம்மா எங்கள் குழுவில் ஒருவர், வீட்டில் தெலுங்கு. நடந்துகொண்டே அந்த நாலு வரியைத் தன் மாமியாருக்கும் மருமகளுக்கும் போனில் தெலுங்கில் சொன்னதை நான் கேட்டேன். குழுவில் இன்னொருவர் எங்கள் பள்ளி ஆயா. ரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும்தான் நம் கையில் இருக்கும் இரண்டு பெரிய காரணங்கள் என்று ஒரு நாள் கடிதத்தில் வந்ததைப் படித்துச் சொன்னேன். அவர் வீட்டுத் தெருவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு தன்னார்வலர் வருவார். அந்தத் திட்டம் 2021-ல் முதன்முதலில் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆயா அதுவரை கதவைத் திறந்து "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லி அனுப்பிவிடுவாராம். அந்த வாரம் கையை நீட்டியிருக்கிறார். 178-க்கு 104. இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது.

என்னைப் பொறுத்தவரை, கட்டிய பணம் ஆயாவின் அந்த ஒரு அளவிலேயே வசூலாகிவிட்டது. இருந்தாலும் ஆராய்ச்சிக்குத்தான் இந்த நிதி என்பதால், ஆராய்ச்சிக்குத்தான் போகிறதா என்றும் பார்த்தேன். அமெரிக்காவில் அறக்கட்டளைகள் 990 என்ற படிவத்தில் வருடக் கணக்குக் கொடுக்க வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். திட்டங்களுக்கு எவ்வளவு, நிர்வாகத்துக்கு எவ்வளவு, நிதி திரட்டும் செலவு எவ்வளவு என்று மூன்று பத்தியாகப் பிரித்திருக்கும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். எந்த ஆய்வாளருக்கு, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, என்ன கேள்விக்கு என்று உதவித்தொகை விவரத்தையும் தனியாகப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் திருப்தி. நீங்கள் எந்த அமைப்பில் சேர்வதாக இருந்தாலும் அவர்கள் பரிசாகத் தரும் சட்டையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

இனி அந்த ஆராய்ச்சிக் கேள்விகள். பெரியவர்களில் 100 பேருக்குச் சுமார் 3 பேருக்கு இந்த வீக்கம் இருக்கிறது. என் பள்ளியில் ஆசிரியர், பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டினால் அந்தக் கூடத்திலேயே சில பேருக்கு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது கடைசிவரை உடையாது, இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுவார்கள். உடைந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பிழைப்பதில்லை. யாருக்கு உடையும், யாருக்கு உடையாது என்பதை முன்கூட்டித் திட்டமாகச் சொல்ல இன்றைக்கும் வழி இல்லை. வயது, ரத்த அழுத்தம், வீக்கத்தின் அளவு, இடம், முன்பு ரத்தக்கசிவு இருந்ததா, எந்த நாட்டு மக்கள் என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் ஒரு முறை 2014-ல் வந்தது. கணக்கு ஆசிரியைக்கு அது புரிகிறது. ஆனால் அது ஒரு கூட்டத்துக்கான சராசரி, ஒரு அக்காவுக்கான பதில் இல்லை. பெரியதாக இருப்பதுதான் உடையும் என்று பொதுவாகச் சொன்னாலும் துவரம்பருப்பு அளவில் இருந்த அக்காவுடையது உடைந்தது. வீங்கிய சுவரில் அழற்சி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியுமா, கத்தியும் கம்பியும் இல்லாமல் மருந்தாலேயே அந்தச் சுவரை உறுதியாக்க முடியுமா என்றெல்லாம் இப்போது ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இது மெதுவாக நடக்கும் வேலை. 1937-ல் வால்டர் டான்டி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் முதன்முதலில் மண்டையைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் ஒரு வெள்ளிக் கிளிப்பை மாட்டினார். அதற்குப் பிறகு மண்டையைத் திறக்காமல் தொடை வழியாகப் போய்ச் சுருள் அடைப்பதற்கு 1990 வரை ஆனது. இத்தாலியரான குய்தோ குக்லியெல்மி கலிபோர்னியாவில் அதைச் செய்தார். எது நல்லது என்று 2,143 நோயாளிகளை வைத்து ஒப்பிட்டு 2002-ல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழும் நிலைக்குப் போனவர்களும் சேர்த்துக் கிளிப் போட்டவர்களில் 100-க்கு 30.6, சுருள் வைத்தவர்களில் 23.7. பெங்களூரில் அந்த ராத்திரி டாக்டர் மாமாவிடம் "சுருள் வைக்கலாம்" என்று ஐந்து நிமிடத்தில் சொன்னாரே, அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் அந்த 2,143 பேர் இருந்தார்கள். அவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. அவர்களுக்கு நான் வேறெப்படி நன்றி சொல்வது? அதனால்தான் எங்கள் நிமிடங்கள் எந்த நாட்டு ஆய்வகத்துக்குப் போனாலும் எனக்குச் சம்மதம்.

அதே சமயம் இங்கேயும் இப்படி ஒரு சவால் வர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், வீக்கத்துக்குள் ரத்தம் போகாமல் திருப்பிவிடும் வலைக்குழாய் ஒன்றை நம் நாட்டிலேயே வடிவமைத்திருப்பதாக 2020-ல் அறிவித்தது. அதற்கான நிடினால் உலோகக் கலவை பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தி ஆய்வகத்திலிருந்து வந்தது. விமானத்துக்கு உலோகம் செய்யும் இடத்திலிருந்து மூளைக்கு ஒரு வலை! இறக்குமதிச் சாமான் விலைக்கு மாந்தோப்பு விற்ற குடும்பம் நாங்கள். ரூபாயில், யு.பி.ஐ.யில், தமிழில் இப்படி ஒரு மாதச் சவால் வந்தால் என் பள்ளி முழுவதையும் நடக்க வைப்பேன். அப்போது ஆயாவின் 200 ரூபாயையும் கூசாமல் வாங்குவேன்.

சட்டை பற்றிக் கேட்டார்கள். 250 டாலர் திரட்டினால் ஒரு பனியன். அனியூரிசத்துக்கான ரிப்பன் நிறம் நம் அரக்கு நிறம்தான், பனியனும் அதே நிறம். அமெரிக்க முகவரிக்கு மட்டும்தான் அனுப்புவார்கள். அக்கா பையன் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஊருக்கு வந்த நண்பர் ஒருவர் கையில் தீபாவளிக்குத்தான் வந்து சேர்ந்தது. துணி நல்ல துணி, சாயம் போகவில்லை. ஆனால் அதற்காக நாங்கள் காத்திருக்கவில்லை. புரட்டாசி சனிக்கிழமை பெருமாள் கோவிலுக்கு நடந்தபோது, அக்கா பெட்டியிலிருந்து தன் அரக்குச் சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மாவும் நானும் அதே நிறத்தில் தேடிக் கட்டினோம். வழியில் இரண்டு பேர் ஏதாவது வேண்டுதலா என்று நிறுத்திக் கேட்டார்கள். நின்று, விளக்கமாகச் சொன்னோம்.

இனி அந்த முதல் நாள் சிவப்பு எழுத்து. அமைப்பின் கடிகாரம் அமெரிக்க மத்திய நேரத்தில் ஓடுகிறது. செப்டம்பரில் அது நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்னால். நாங்கள் காலை 6.10-க்கு ஏரிக்கரையில் நின்றபோது அங்கே முந்தின நாள் ஆகஸ்ட் 31, இரவு 7.40. அதனால்தான் ஏற்கவில்லை. உதவிப் பிரிவுக்கு எழுதினேன். இரண்டு நாளில், பெயர் சொல்லி, மரியாதையான பதில் வந்தது. தேதியை மாற்ற அவர்களால் முடியாது, ஆனால் உங்கள் சவால் அக்டோபர் 1 காலை 10.30 வரை திறந்திருக்கும் என்றார்கள். இழந்த காலைக்கு ஒரு காலை. கணக்கு நேர்தான். பதிவுப் பக்கத்திலேயே இதை ஒரு வரி எழுதியிருந்தால் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து சேர்பவர்கள் செப்டம்பர் 1-ஆம் தேதி மாலையில் முதல் நடையை வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தில் எங்கள் குழு 7,260 நிமிடம். 11 பேர், நிமிடத்துக்கு 2 சென்ட், 1,597 டாலர் 20 சென்ட். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். அந்த ஒன்றைக் குறைத்தது தரவரிசைப் பலகைக்காகவும் மாரத்தான் காணொளிகளுக்காகவும். வீட்டில் யாராவது இந்த நோயிலிருந்து மீண்டவர் இருந்தால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் செயலியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் நடக்கட்டும். தலைச்சுற்றல், வலிப்பு உள்ளவர்கள் முதலில் தங்கள் டாக்டரிடம் எத்தனை நிமிடம் நடக்கலாம் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நாங்களும் கேட்டோம்.

அக்டோபர் 1 காலை. மழை தூறி நின்றிருந்தது. அக்கா திண்டில் உட்காராமல் படகுத்துறை வரைக்கும் போய்த் திரும்பினாள். 22 நிமிடம். மற்றவர்கள் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். பதிவதற்காகப் போனை எடுத்தேன்.

"இன்னைக்கு என்ன தேதி பாப்பா?" என்றாள். தினமும் கேட்பாள்.

"நமக்கு ஒண்ணாம் தேதிக்கா. அங்க இன்னும் முப்பதுதான்."

"அப்போ இது சேருமா?"

22 என்று பதிந்து அவளிடம் காட்டினேன். பச்சை எழுத்தில் 412 என்று வந்தது. போனைக் கையில் வாங்கி, சேலைத் தலைப்பால் திரையில் விழுந்திருந்த தூறலைத் துடைத்துவிட்டு, இன்னொரு முறை படித்தாள்.